டவுன் பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் திங்கட்கிழமை காலையில் நின்று பார்த்தால், இந்த மாவட்டத்துக் கடற்கரை முழுக்க அங்கே வந்து இறங்குவது தெரியும். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம், உச்சிப்புளி என்று டவுன் பஸ் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் கையில் மஞ்சப்பை, பைக்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய மனு. அன்று கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். முதியோர் உதவித்தொகை நின்றுபோனது, பட்டாவில் பெயர் மாறாதது, இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மகன் இன்னும் வீடு திரும்பாதது என்று ஆளுக்கொரு காரணம். வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். பஸ்ஸுக்கு அவர்கள் ஒரு பைசா கொடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில் நிற்கும் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கிறார்கள்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. மகளிர் இலவசப் பயணத்தைக் குறை சொல்வதற்காக இல்லை. எனக்கு நினைவு தெரிந்து எங்கள் கடற்கரைப் பெண்களுக்கென்று வந்த எதுவும் இப்படி அன்றாடம் கைக்கு எட்டியதில்லை. அதனால்தான் அது பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடக் கூடாது என்று கேட்கிறேன்.

திட்டம் வந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2021 மே 7 அன்று பதவியேற்றதும் முதல்வர் மு.க.ஸ்டாலின் போட்ட முதல் கையெழுத்துகளில் இதுவும் ஒன்று. மறுநாளே நடைமுறைக்கு வந்தது. அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் யாராக இருந்தாலும், எத்தனை முறை ஏறினாலும், கட்டணம் இல்லை. கொஞ்ச நாளிலேயே திருநங்கைகளையும், மாற்றுத்திறனாளிகளையும், அவர்களுக்குத் துணையாக வருகிறவர்களையும் சேர்த்தார்கள். பிறகு ‘விடியல் பயணம்’ என்று பெயர் வைத்தார்கள். மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில், இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. தொடக்கத்தில் இதற்கு ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2025-26 பட்ஜெட்டில் அது 3,600 கோடி. இவ்வளவு பெரிய தொகையா என்று சிலர் மலைக்கிறார்கள். பெண்கள் அவ்வளவு பயணம் போகிறார்கள் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். இதற்கு முன்னால் இத்தனை பேர் எங்கே இருந்தார்கள்? வீட்டில்தான் இருந்தார்கள்.

நான் வேதாளைக்காரி. மண்டபத்துக்கு முந்தின ஊர். வேலை ராமநாதபுரத்தில், ஒரு கணக்கர் அலுவலகத்தில். எங்கள் ஊரில் இந்தத் திட்டம் என்ன செய்தது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது சர்க்கரை மாத்திரையைத்தான். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆனால் அதை வாங்கப் போகவும் வரவும் பஸ்ஸுக்குக் காசு வேண்டும், அந்தக் காசை வீட்டில் யாரிடமாவது கேட்க வேண்டும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கும், கையில் காசு இருக்காது. அந்த இரண்டு மாதத்தில் வீட்டுச் செலவில் முதலில் வெட்டுப்படுவது அம்மாக்களின் ஆஸ்பத்திரி நடைதான். “அடுத்த மாசம் பாத்துக்கிறலாம்” என்று தள்ளிப்போட்டே கால் புண்ணாகி விரலை இழந்தவர்களை எங்கள் தெருவிலேயே காட்ட முடியும். இன்றைக்கு அந்த அம்மாக்கள் யாரிடமும் கேட்பதில்லை. சீட்டை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வழியில் உச்சிப்புளியில் இறங்கி மகள் வீட்டையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதையும் நான் இந்தத் திட்டத்தின் கணக்கில்தான் சேர்ப்பேன்.

இந்தக் கடற்கரைக்குப் பஸ் வந்த வரலாறே நீண்டது இல்லை. ராமேஸ்வரம் தீவுக்கு 1914-லேயே ரயில் பாலம் வந்துவிட்டது. சாலைப் பாலம் வந்தது 1988-ல். அதற்கு அப்புறம்தான் கரைப்பக்கத்திலிருந்து ஒரு பஸ் தீவுக்குள் போக முடிந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அரசு பஸ்ஸை இன்றும் ‘மருது பாண்டியர் வண்டி’ என்பார்கள். காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு மருது பாண்டியர் போக்குவரத்துக் கழகம் இருந்த காலத்துப் பழக்கம் அது. 1997-ல் தலைவர்களின் பெயர்களை எல்லாம் கழகங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஊர் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை. 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தை மூடியதிலிருந்து 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறக்கும் வரை ரயில் மண்டபத்தோடு நின்றது. அந்த இரண்டு வருஷத்துக்கு மேலான காலத்தில் தீவுக்காரர்களை இக்கரைக்கும் அக்கரைக்கும் கொண்டுபோனது பஸ்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மெயின் ரோட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிற வண்டி வந்துகொண்டே இருக்கும். ஆனால் அவை ரூட் பஸ், அதில் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு. இலவசம் டவுன் பஸ்ஸில் மட்டும். அதனால் வேதாளை நிறுத்தத்தில் ஒரு காட்சி தினமும் நடக்கும். ரூட் பஸ் வந்து நிற்கும், ஆண்கள் ஏறிப் போய்விடுவார்கள், பெண்கள் ஏறாமல் ரோட்டின் அந்தக் கோடியையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் டிக்கெட்டுக்குப் பதிலாக நேரத்தைக் கொடுக்கிறார்கள். பள்ளிக்கூட நேரத்திலும் ஆபீஸ் நேரத்திலும் டவுன் பஸ் உண்டு. கடற்கரையின் வேலை நேரம் அது இல்லை.

எங்கள் சின்னம்மா மீன் விற்கிறவர். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் கரை திரும்பும். மற்ற நாள்கள் நாட்டுப் படகுக்கு. ஆக, செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில்தான் மண்டபத்தில் மீன் குவியும், ஏலம் சூடு பிடிக்கும். சின்னம்மா இருட்டோடு போய் நகரையோ பாறையோ கணவாயோ, கையில் இருக்கும் காசுக்குத் தக்கபடி எடுப்பார். ஐஸ் உருகுவதற்குள் ராமநாதபுரம் தெருக்களுக்குப் போய்விட வேண்டும். எட்டு மணிக்குள் போனால் ஒரு விலை. பத்து மணிக்குப் போனால் வீட்டுக்காரம்மா சமையலே முடித்திருப்பார், சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

முன்பு அலுமினியச் சட்டியில் கொண்டுபோவார். சட்டியிலிருந்து மீன் தண்ணி சொட்டும். அது பஸ்ஸுக்குள் விழுந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இப்போது சின்னம்மா 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு வைத்திருக்கிறார். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி வாளியின் விளிம்பில் சுற்றி, அதன் மேல் மூடியை அழுத்தினால் ஒரு சொட்டு வெளியே வராது. மூடிக்கு மேல் ஈரச் சாக்கு, சாக்குக்கு மேல் தராசு. பஸ் ஏறியதும் பின்வாசலுக்குப் பக்கத்தில் சீட்டுக்கு அடியில் இரண்டையும் தள்ளிவிட்டு, காலால் அணைத்தபடி நின்றே வருவார். உட்கார இடம் இருந்தாலும் உட்கார மாட்டார். பக்கத்தில் உட்காருகிறவர் முகம் சுளிப்பதைப் பார்ப்பதற்குப் பதில் நின்றுவிட்டுப் போகலாம் என்பார்.

நல்ல கண்டக்டர்கள் இருக்கிறார்கள். ஒருவர், “கொண்டாத்தா” என்று வாளியின் காதைப் பிடித்து மேலே தூக்கி வைப்பார். அவர் வண்டி வருகிற நாளில் சின்னம்மா முகமே வேறாக இருக்கும். இன்னொருவர், “நாத்தம் தாங்கல, அடுத்த வண்டியில வா” என்று படியிலேயே நிறுத்திவிட்டார். அடுத்த டவுன் பஸ் வருவதற்குள் ஐஸ் கரைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. சின்னம்மா அன்று ரூட் பஸ்ஸில் டிக்கெட்டும் லக்கேஜும் கொடுத்துப் போனார். இது எங்கள் பக்கத்தில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்த வயதான அம்மா ஒருவரை நாற்றம் அடிக்கிறது என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பஸ் ஸ்டாண்டில் நின்று நியாயம் கேட்டுக் குமுறிய வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. முதல்வர் கண்டித்தார், பணியாளர்களைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த அம்மா கேட்டது காசு இல்லாத டிக்கெட் அல்ல, அது ஏற்கெனவே சட்டப்படி அவர் கையில் இருந்தது. தன்னையும் ஒரு பயணியாக நடத்தச் சொல்லித்தான் கேட்டார்.

இதற்கு ஒரு வழி அண்டை மாநிலத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் 2021-ல் ‘சமுத்ரா’ என்ற பெயரில் மூன்று தாழ்தள பஸ்களை மீன் விற்கும் பெண்களுக்காகவே விட்டார்கள். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமும் மீன்வளத் துறையும் சேர்ந்து செய்தது. மீனவக் கிராமத்திலிருந்து நகரத்துச் சந்தைகளுக்கு, கட்டணம் இல்லாமல், கூடையோடு. வண்டியின் உயரமும் கூடை வைக்கிற இடமும் அந்தப் பெண்களை மனதில் வைத்து அமைத்தவை. இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். தமிழ்நாட்டில் நீளமான கடற்கரை உள்ள மாவட்டம் எங்களுடையது, சுமார் 237 கிலோமீட்டர். திருவனந்தபுரத்துக்கு மூன்று என்றால் இங்கே ஒன்றாவது வேண்டாமா? புது பஸ் கூட வாங்க வேண்டாம். ஓடுகிற டவுன் பஸ் ஒன்றில் பின்பக்கச் சீட்டு நான்கைக் கழற்றிவிட்டு, தரையில் தகடு அடித்து, தண்ணி வழிய ஒரு துளை வைத்தால் போதும்.

இனி அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தின் பாடு. கீழக்கரை, ஏர்வாடிப் பக்கமிருந்து வருகிறவர்களைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதோடு டவுன் பஸ்ஸின் வேலை முடிந்துவிடுகிறது. கலெக்டர் ஆபீஸ் இருப்பது ஊரின் மறு கோடியில், பட்டினம்காத்தான் பக்கம். வெயிலில் வயதானவர்கள் நடக்கிற தூரம் இல்லை. அந்த வழியாகப் போகிற இன்னொரு டவுன் பஸ் பிடிக்கலாம், அதுவும் இலவசம்தான். ஆனால் எது எங்கே நிற்கும், எப்போது கிளம்பும் என்று விசாரித்து ஏறுவதற்குள் டோக்கன் வரிசை நீண்டுவிடும். கூட வந்த புருஷனுக்கோ தகப்பனாருக்கோ டிக்கெட்டும் எடுக்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுகிறார்கள். அவசரம் என்றால் தனி ஆட்டோ. இருபது கிலோமீட்டர் சும்மா வந்தவர், ஊருக்குள் சில கிலோமீட்டருக்கு அன்றைய சாப்பாட்டுக் காசைக் கொடுக்கிறார். பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் இதே பாடுதான். 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததிலிருந்து மாவட்டத்தின் எந்த மூலையிலிருந்தும் இங்கேதான் அனுப்புகிறார்கள்.

ஆகவே நான் கேட்பது ராமநாதபுரம் ஊருக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன பஸ். பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், பெரியாஸ்பத்திரி, அரண்மனை, கேணிக்கரை, பாரதி நகர், கலெக்டர் ஆபீஸ், திரும்பவும் பஸ் ஸ்டாண்டு. ஆண், பெண், உள்ளூர், வெளியூர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் கட்டணம் இல்லாமல். பெரிய வண்டி நம் ஊர்த் தெருக்களில் திரும்பாது, மினி பஸ் அளவு போதும்.

எல்லாருக்கும் எதற்கு இலவசம் என்று என் அலுவலகத்திலேயே கேட்டார்கள். இரக்கத்துக்காக மட்டும் கேட்கவில்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏறி இறங்கும் வண்டியில் டிக்கெட் கிழிப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். சில்லறை இல்லை என்ற பேச்சு, ஸ்டேஜ் தாண்டிவிட்டது என்ற சண்டை. டிக்கெட்டே இல்லையென்றால் இரண்டு வாசலிலும் ஏறலாம் இறங்கலாம், வண்டி நிற்கும் நேரம் குறையும், கண்டக்டரை வேறு வண்டிக்கு அனுப்பலாம். ஒரே வண்டி கூடுதல் சுற்று அடிக்கும். வசூலாகும் சில்லறையை விட அந்தக் கூடுதல் சுற்று ஊருக்கு மதிப்பு.

இது நமக்குப் புதுசும் இல்லை. திருமலைக்குப் போன தமிழர்களில் தர்ம ரதத்தில் ஏறாதவர் குறைவு. மலை மேல் விடுதிக்கும் கோயிலுக்கும் அன்னதானக் கூடத்துக்கும் சுற்றிச் சுற்றி வருகிறதே, அதுதான். கையை நீட்ட வேண்டாம், டிக்கெட் கேட்க மாட்டார்கள், ஏறி இறங்கிவிடலாம். வெளிநாட்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் 1996-லிருந்து நகர மையத்துக்குள் கட்டணமில்லாத ‘கேட்’ (CAT) பஸ்கள் ஓடுகின்றன. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று தடத்துக்கு ஒரு நிறம், எழுத்துத் தெரியாதவரும் ஏறலாம். எனக்கு அதில் பிடித்தது பணம் வருகிற வழி. நகர மையத்தில் வண்டி நிறுத்தும் இடங்களுக்கு வாங்கும் உரிமக் கட்டணத்திலிருந்து இந்த பஸ்களுக்குச் செலவு செய்கிறார்கள். காரில் வந்து இடத்தை அடைப்பவர் கொடுக்கும் காசில், கார் இல்லாதவர் போகிறார்.

கவனமாகப் பார்க்க வேண்டிய ஊர்களும் உண்டு. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரம் 1997-ல் பஸ்ஸை எல்லாருக்கும் இலவசமாக்கியது, கூட்டம் பல மடங்கானது, செலவு தாங்காமல் 2013-ல் கைவிட்டது. மெல்போர்னில் 2015-லிருந்து நகர மையத்துக்குள் டிராம் இலவசம். நடந்து போகக்கூடியவர்கள் ஏறி இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், தூரத்திலிருந்து வருகிறவர் காசும் கொடுத்து நின்றுகொண்டும் போகிறார் என்று அங்கே ஒரு மனக்குறை. நம் நிலைமை அதற்கு நேர் எதிர். இங்கே தூரத்திலிருந்து வருகிறவருக்கு ஏற்கெனவே இலவசம், மையத்தில்தான் காசு. சுற்று பஸ்ஸின் நேரத்தை டவுன் பஸ்கள் வந்து இறங்கும் நேரத்தோடு கோத்துவிட்டால், அது யாருக்குப் போக வேண்டுமோ அவர்களுக்குப் போய்ச் சேரும்.

ராமேஸ்வரத்துக்கும் இதுவே பொருந்தும். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் தள்ளி இருக்கிறது. வடநாட்டிலிருந்து வருகிற வயதானவர்கள் மூட்டையோடு இறங்கி ஆட்டோக்காரரிடம் பேரம் பேச மொழி தெரியாமல் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கோயிலைச் சுற்றி நிறுத்தும் வெளியூர்க் கார்களிடமும் வேன்களிடமும் வாங்கும் காசில் ஒரு பங்கை எடுத்தால் அங்கே சுற்று பஸ் ஓட்டலாம். ஆட்டோ ஓட்டும் தம்பிகள் வயிற்றில் அடிக்கிறோமா என்ற கேள்வி வரும். அதை ஒதுக்கிவிடக் கூடாது. அவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகள், படகை விற்றுவிட்டு ஆட்டோ வாங்கியவர்களும் உண்டு. சுற்று பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்கும்போது உள்ளூர் ஆட்டோ ஓட்டுநர்களுக்கு முதலிடம் கொடுக்கலாம், தெருவுக்குள் போகிற சவாரியும் இரவுச் சவாரியும் எப்படியும் அவர்களுடையதுதான்.

2025 ஜூன் 16-ல் தஞ்சாவூரில் புதிய மினி பஸ் திட்டத்தைத் தொடங்கினார்கள். பஸ்ஸே எட்டாத ஊர்களுக்கு அது நல்லது. ஆனால் தனியார் வண்டி என்பதால் இலவசப் பயணம் அதில் செல்லாது. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் மீனவக் குப்பங்களில் பெண்கள் மினி பஸ்ஸுக்குக் காசு கொடுத்து ரோட்டுக்கு வந்து, அங்கே இலவச பஸ்ஸுக்குக் காத்திருந்து, ராமநாதபுரத்தில் மறுபடியும் ஆட்டோவுக்குக் கொடுக்கிறார்கள். நடுவில் உள்ள துண்டு மட்டும்தான் அவர்களுக்கு இலவசம்.

இதையெல்லாம் ஒரு மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். வேதாளையிலும் பக்கத்து மரைக்காயர்பட்டினத்திலும் பெண்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். தடைக்காலம் முடிந்து படகு இறங்குகிற ஜூன் 15-லிருந்து, மண்டபம் ஏலக் கூடத்திலிருந்து விடிகாலையில் ஒரு டவுன் பஸ்ஸும், ராமநாதபுரத்துக்குள் சுற்று பஸ்ஸும் ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். படித்துக் காட்டியபோது சின்னம்மா ஒரு வரி சேர்க்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை லீவு நாள் என்று டவுன் பஸ்ஸைக் குறைத்துவிடுவார்கள். சனிக்கிழமை போன படகெல்லாம் கரைக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை, ஊரே மீன் வாங்குவதும் அன்றைக்குத்தான்.

“ஞாயித்துக்கெழம வண்டியக் கொறச்சுப்புடாதீகன்னு மொத வரியில எழுதுத்தா. மத்ததெல்லாம் அதுக்குக் கீழ எழுது.”

முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.